சிகாகோ கைவிட்ட கால்பந்து

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கிய ஆண்டு 1892. கால்பந்து தொடங்கியதும் அதே ஆண்டுதான். இது காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, மறிப்பவர்களை மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் பரவ வேண்டும் என்று விரும்பிய முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஏமஸ் அலோன்சோ ஸ்டாக்கைப் பயிற்சியாளராக அழைத்தார். பேராசிரியர் வரிசையிலேயே அவருக்கு இடமும் கொடுத்தார்.

ஸ்டாக் 41 பருவங்கள் அணியை நடத்தினார். பின்னாளில் 'பிக் டென்' என்று பெயர் பெற்ற கூட்டமைப்பில் சிகாகோ ஏழு முறை பட்டம் வென்றது. அவற்றுள் தலையாயது 1905. தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணி, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்காகச் சிகாகோ வந்தது. அந்த அணியின் வீரர் ஒருவர் பந்தோடு தம் எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்பட்டார். அதனால் சிகாகோவுக்குக் கிடைத்த 2 புள்ளிகள்தாம் அன்றைய ஆட்டத்தின் மொத்தக் கணக்கு!

1929இல், முப்பதே வயதில், ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவரானார். பாடத்திட்டம் மாறியது, தேர்வுகள் கடினமாயின. ஆட்டக்காரர்களுக்கென்று எளிய படிப்பு வைக்க அவர் இசையவில்லை. எழுபது வயதான ஸ்டாக், 1932 பருவத்தோடு ஓய்வுபெற வேண்டியதாயிற்று. 1935இல் சிகாகோ வீரர் ஜே பெர்வாங்கர், சிறந்த கல்லூரி வீரருக்கு வழங்கப்படும், இன்று ஹெய்ஸ்மன் கோப்பை எனப்படும் விருதை முதன்முதலாகப் பெற்றார். ஆனால் ஒரு வீரரின் ஆற்றலால் நலிந்த அணியைத் தாங்க முடியவில்லை.

1939 பருவம் கொடுமையானது. மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடம் 61–0, ஒகாயோ ஸ்டேட்டிடம் 61–0. தோற்ற ஆறு ஆட்டங்களிலும் சிகாகோ ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. குறை பயிற்சியாளரிடம் இல்லை. அப்போது பயிற்சியாளராக இருந்த கிளார்க் ஷாக்னெஸி மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டு அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்திக் காட்டினார். படிப்பையே முதன்மையாகக் கொண்ட மாணவர்களை, ஆட்டத்துக்காகவே திரட்டப்பட்ட அணிகளுக்கு எதிரே நிறுத்தியதுதான் குறை. டிசம்பரில் பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டது. அந்த மாணவர்களின் உடலுக்கும் மானத்துக்கும் அதுவே நியாயம். ஆயினும் கூட்டமைப்பின் மற்றப் பெரிய பல்கலைக்கழகங்கள் எவையும் அந்த வழியில் வரவில்லை. 1946இல் சிகாகோ கூட்டமைப்பையும் விட்டு விலகியது.

ஆட்டம் நின்ற ஸ்டாக் திடலின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. பின்னர் திடல் இடிக்கப்பட்டு, அங்கே ரீஜன்ஸ்டைன் நூலகம் எழுந்தது.

1963இல் கால்பந்து சிறு குழுவாக மீண்டபோது மாணவர் சிலர் திடலில் அமர்ந்து எதிர்த்தார்கள். 1969இல் அது பல்கலைக்கழக அணியாயிற்று. இன்று அந்த அணி, கல்லூரி விளையாட்டுகளில், விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.