குவாரியின் மேல்மண் எங்கே போகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பின் தூணிலும் தளத்திலும் இருக்கிற ஜல்லியும் எம்-சாண்டும் பாறையை உடைத்து வந்தவை. நம் மாவட்டத்தில் திருமயம் பக்கமோ நார்த்தாமலை பக்கமோ போனால் குவாரியையும் கிரஷரையும் பார்க்காமல் திரும்ப முடியாது. கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் கேட்பது வேறு. அந்தப் பாறைக்கு மேலே இருந்த மண் எங்கே போனது?

பாறைக்கு மேல் இருப்பது கொஞ்சம் செம்மண். அதிலும் மேலாக உள்ள ஒரு ஜாண்தான் மேல்மண். மக்கு, வேர், பூஞ்சை, மண்புழு, மழைக்குக் காத்திருக்கிற விதை எல்லாம் அந்த ஒரு ஜாணில்தான் இருக்கின்றன. அதில் ஒரு அங்குலம் இயற்கையாகச் சேர நூற்றாண்டுகள் ஆகும். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு எல்லாமே அசல், வட்டி என்றுதான் தோன்றும். விளைச்சல் வட்டி, மேல்மண் அசல்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு ஜாண் என்பது முக்கால் அடி. ஆக 32,670 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் சுமார் 327 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 109 நடை. ஒரு ஏக்கர் குவாரி திறந்தால் இவ்வளவு மேல்மண் எங்கேயாவது போயாக வேண்டும். தனியாகக் குவித்து வைக்கலாம், கல் கழிவோடு கலந்து புதைக்கலாம், விற்றுவிடலாம். முதலாவது நடந்தால்தான் அந்த இடத்தில் திரும்பவும் ஏதாவது முளைக்கும்.

இதற்கு நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் நெய்வேலி. 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரம் முன்னால் வெட்டிக்கொண்டு போகும், பின்னால் வெட்டி முடித்த பள்ளத்தில் அந்த மண்ணைக் கொட்டுவார்கள். இதில் ஆழத்தில் கிடந்த களியும் மணலும் மேலே வந்துவிடும். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, மக்கு எல்லாமே குறைவு. வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு அங்கே தொழுவுரம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், உயிர் உரம் கொடுத்தார்கள். நெல்லும் விளைந்தது, முந்திரியும் மரங்களும் வளர்ந்தன. பழைய சுரங்கப் பகுதியில் இப்போது ஏரியும் பறவைகளும்கூட உண்டு. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அங்கேயே 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிர் நின்ற வயலில் கால்வாய்க்காக இயந்திரம் இறங்கியதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பின்னால் மரம் நடுவது முன்னால் நிலம் கொடுத்தவருக்குச் செய்த ஈடாகாது என்பது என் எண்ணம்.

மேல்மண்ணை எடுத்து வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலை போலக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாது. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை செத்துவிடும், விதையும் முளைப்புத்திறன் இழக்கும். தாழ்வாகக் குவித்து, மேலே கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிடக்கவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாக்சைட் வெட்டும் அல்கோவா நிறுவனம், புதிதாகத் திறக்கும் குழியின் மேல்மண்ணை, வெட்டி முடித்த குழிமேல் கூடுமானவரை உடனே கொண்டுபோய்ப் பரப்புகிறது. அதிலிருக்கும் விதையிலிருந்தே காட்டுச் செடிகள் பல முளைத்துவிடும். லாரி ஏறி இறங்கி இறுகிப்போன தரையை முதலில் ஆழமாகக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் இறங்காது. நம் ஊரில் இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

கல் குவாரி விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூறடி ஆழப் பள்ளத்தை யாரும் நிரப்பப் போவதில்லை. ஆனால் பள்ளத்தைச் சுற்றி விடவேண்டிய பாதுகாப்புப் பட்டையிலும், வெட்டி முடித்த படிகளிலும், கழிவு மேட்டிலும் அந்த 109 நடை மண்ணைப் பரப்பலாம். அங்கே என்ன நடுவது? தைலமரம் என்றால் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஆர்.எஸ்.பதி காட்டுக்குக் கீழே புல்கூடச் சரியாக வராது. நம் கோயில்காடுகளைப் போய்ப் பாருங்கள். வீரை, காசான், உலக்கைப்பாலை, நாவல் என்று இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் பழகிய மரங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு அரித்துப்போன செம்பொட்டல் நிலத்தில், முதலில் வரப்புப் போட்டு மழைநீரைத் தடுத்து, பிறகு இதே வகைக் காட்டைத்தான் கொண்டுவந்தார்கள். அங்கே அது சுரங்கம் இல்லை, ஆனால் நிலம் கெட்ட விதம் ஏறக்குறைய இதேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெரிய கனிமச் சுரங்கங்களுக்கு மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 1988-லேயே வந்துவிட்டது. அவர்கள் வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். 2021 திருத்தப்படி முதல் வகைச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 5 லட்சம், இரண்டாம் வகைக்கு 3 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977 சட்டப்படி, மழை உள்ள பகுதியில் செடி பிடித்து ஐந்து ஆண்டு, வறண்ட பகுதியில் பத்து ஆண்டு வரை நிறுவனத்தின் பொறுப்பு தீராது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். கடன் முடிந்தால்தானே பத்திரம் திரும்பும்! கல் குவாரி சிறு கனிமம், மாநில விதிகளில் வருகிறது. ஆனால் 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், வெட்டி முடித்த இடத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரும் நிலைக்கு நிலத்தைக் கொண்டுவருவதைச் சுரங்கக் குத்தகைக்கே நிபந்தனையாக்கச் சொன்னது.

பெரிய குவாரிக்கும், கூட்டமாக உள்ள குவாரிகளுக்கும் அனுமதி தருமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும். முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். அதில் மேல்மண் எத்தனை கன மீட்டர், எங்கே குவிக்கப்படும், யார் எந்த வருஷம் பரப்புவார்கள் என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கொடுங்கள், பதிவாகும். பக்கத்துக் கிராமத்துக்காரர் தனியாகப் போய்ப் பேசுவதைவிட, டவுனிலிருந்து நாலு பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். அது நியாயமா என்று கேட்டால் இல்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. தோட்டக் குழுவினர் பின்பக்கப் பூங்காவுக்குப் பத்து லோடு செம்மண் கேட்டிருக்கிறார்கள். லிஃப்ட் பராமரிப்புக்கு மூன்று விலைப்புள்ளி வாங்குகிற நாம், மண்ணுக்கு "எங்கே வெட்டியது, பர்மிட் இருக்கிறதா" என்றாவது கேட்கலாம். கார் நிறுத்தும் இடத்தை விரிவாக்கும்போது அங்கே தோண்டும் மேல்மண்ணை ஒப்பந்ததாரர் அள்ளிக்கொண்டு போகாமல் பூங்கா ஓரத்தில் போடச் சொன்னால், இரண்டு மூன்று லோடு மிச்சமாகும். சமையலறைக் கழிவில் உரம் தயாரிக்கிற அம்மாக்கள் அதில் கலக்கத் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். வேலை தொடங்குவதற்குள் செயலாளர் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.