நெய்தல் நிலத்தில் தனியொருத்தி



ஒரு பெண் விடுமுறை நாளில் தனியே கடற்கரைக்குச் சென்று ஓய்ந்திருத்தல் என்பது இலக்கிய மேடைக்குரிய பொருளா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட கரை நெய்தல் நிலம். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என நீளும் இக்கரையில் விடுமுறை தோறும் மக்கள் கூடுகின்றனர். குடும்பமாக வருவோர் உண்டு. நண்பர் குழாமாக வருவோர் உண்டு. அலையை நோக்கித் தனியே அமர்ந்திருக்கும் ஆடவரும் உண்டு. அவ்வாறே அமர்ந்திருக்கும் பெண்ணைக் காண்டல் அரிது. அந்த அருமையின் வேர் நம் இலக்கியத்திலும் இருக்கிறது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடல்கள் நூறும் பாடிய அம்மூவனார் முதலாகச் சங்கப் புலவர் பலர் கானலில் நிற்கும் பெண்ணை நமக்குக் காட்டினர். அவள் பெரும்பாலும் தலைவன் வரவை நோக்கி நிற்பவள். அவளது தனிமைக்கு மற்றொருவர் இல்லாமையே பொருளாயிற்று. கடல்வழிச் செலவு பெண்ணோடு கூடி நிகழ்வதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலும் வரையறை செய்தது. கரையில் நின்று ஏங்கும் உரிமை அவளுக்கு உண்டு. கடந்து செல்லும் உரிமை இல்லை.

காப்பியக் காலத்தில் இந்நிலை சற்றே மாறுகிறது. கோவலனோடு புகார்க் கடற்கரைக்குச் சென்ற மாதவி, கானல்வரியால் விளைந்த ஊடலுக்குப் பின் தனியளாக வண்டியேறித் திரும்பினாள். அவள் மகள் மணிமேகலையோ ஒரு தீவின் கரையில் தனியளாகக் கண்விழித்தாள். உதயகுமரன் பின்தொடர்ந்து வந்த நிலையில், உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் விடுத்தது என்கிறார் சாத்தனார். விழித்தவள் முதலில் சுதமதியைத் தேடினாள். தந்தையை நினைந்து அழுதாள். பின்னர்ப் புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெற்று ஊர் திரும்பி, பசித்தோர்க்கு உணவளித்தாள். துணையின்றி ஒரு கரையில் இருந்த அந்நாள்கள் அவளைத் தனக்கே அறிமுகம் செய்தன. ஊரார் பசியையும் அவளது தனிமையே தீர்த்தது எனலாம்.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. தீவில் தெய்வம் அவளுக்கு அளித்த மந்திரங்களுள் வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் ஒன்று. சொந்த ஊராகிய புகாரில் உதயகுமரனுக்கு மறைந்து நடமாட அவள் காயசண்டிகையின் வடிவு கொண்டாள். வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களிடம் அவர்தம் கொள்கைகளைக் கேட்க ஆண் தவசியின் வடிவு கொண்டாள். காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டிப் பெற்ற பின்னரே கயிலைக்குத் தனியே சென்றார். ஔவையார் இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்கிறது செவிவழிக் கதை. ஒருத்தி தனியே வழி நடக்க வேண்டுமாயின் இளமையையோ, அழகையோ, பெண்ணுருவையோ துறக்க வேண்டியிருந்தது என்பதே இக்கதைகள் கூட்டாகச் சொல்லும் செய்தி. தன் உருவோடு, தன் பெயரோடு, தன் ஊதியத்தில் பயணச்சீட்டு வாங்கி, மூன்று நாள் ஓய்வுக்குச் செல்லும் பெண்ணுக்கு நம் மரபில் இன்னும் ஒரு பாடல் எழுதப்படவில்லை.

அவையோர் ஒன்று கேட்கலாம்: கடற்கரையில் பெண்கள் தனியே நடமாடவில்லையா? நடமாடுகிறார்கள். விடியற்காலையில் மீன் கூடையைச் சுமந்து பேருந்து ஏறும் மீனவ மகளிரை, யாரோடு வந்தாய் என எவரும் வினவுவதில்லை. உழைப்பதற்காகப் பெண் தனியே வரலாம். ஓய்வதற்காக வந்தால் அது வினாவுக்குரியதாகிறது. தனியே வரும் பெண்ணுக்கு அறை தரத் தயங்கும் விடுதிகள் இன்றும் உள்ளன. அவளது மனத்துயரை ஊகிப்போரும் உளர். ஒழுக்கத்தை ஐயுறுவோரும் உளர். அவள் களைப்புற்றிருக்கக் கூடும் என்னும் எளிய காரணம் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

இக்களைப்பு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பெண்மணி ஆன் மாரோ லிண்ட்பர்க் விமானம் ஓட்டக் கற்றவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாய். புளோரிடாவின் கேப்டிவா தீவுக்கு விடுமுறைக்குச் சென்று, அங்குக் கண்ட சிப்பிகளை முன்னிறுத்தித் தம் வாழ்வை எண்ணிப் பார்த்தார். 1955இல் அவ்வெண்ணங்கள் 'கடல் தந்த பரிசு' எனப் பொருள்படும் பெயரில் நூலாயின. ஓயாது பிறர்க்கு வழங்கிக்கொண்டிருக்கும் பெண், சிறிது காலமேனும் தனித்திருந்தாலன்றித் தன் ஊற்றைக் காக்க இயலாது என்பது அந்நூலின் சாரம்.

அத்தகைய இடம் நமக்கு அருகிலேயே உள்ளது. சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பரந்துள்ள பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சிதம்பரத்திற்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் அக்காட்டில் இன்றும் வளர்கிறது. துடுப்பு நீரில் விழும் ஓசையும் பறவையின் குரலும் தவிர வேறொலி இல்லாத கால்வாய்கள் அங்கு உண்டு.

கடல் அழகியது மட்டுமன்று, அஞ்சத்தக்கதும் ஆகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தில்லை மரத்தின் பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. ஆகவே எச்சரிக்கை வேண்டும். ஆனால் அலைக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது. ஆடவர்க்குச் சொல்லப்படும் அதே எச்சரிக்கை பெண்ணுக்கும் போதுமானது. அதற்கு மேல் விதிக்கப்படும் தடைகள் கடலின் பெயரால் ஊர் விதிப்பவை.

இப்பகுதி மக்கள் செய்யத்தக்கவை பெரியன அல்ல. கரையில் நல்ல விளக்கு, தூய கழிப்பறை, வினா எழுப்பாது திறக்கப்படும் அறை, உற்று நோக்காத கண்கள் ஆகியவை போதும். இலக்கிய வட்டத்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. எவருக்காகவும் காத்திராமல், எவரையும் இழக்காமல், வெறுமனே கடலைப் பார்த்திருக்கும் ஒரு பெண்ணை இனிவரும் தமிழ்க் கவிதை பாட வேண்டும். எற்பாட்டு வேளையில் அவள் இரங்கவில்லை. இளைப்பாறுகிறாள் என்று அக்கவிதை சொல்லட்டும். அப்போது நெய்தலுக்குப் புதியதோர் உரிப்பொருள் கிடைக்கும்.