வீட்டு இருட்டறையும் படப்பெருக்கியும்

பழைய வீடுகளிலே இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு கடித உறை கிடப்பதுண்டு. அதனுள்ளே நெகற்றிவ்கள் சில இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறிய மனிதர் பத்துப்பேர் ஒரு விறாந்தையிலே வரிசையாக நிற்பது தெரியும். அவர்களுள் ஒருவர் இன்று உயிரோடு இல்லாதிருக்கலாம். அவருடைய வேறு படம் எதுவும் வீட்டிலே எஞ்சாதிருக்கலாம். இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உள்ள நெகற்றிவிலே அம்முகம் கடுகினும் பெரிதன்று. அந்தக் கடுகை முகமாக்கித் தரும் கருவியே என்லாஜர் எனப்படும் படப்பெருக்கி.

இன்று இதே காரியத்தைக் கணினியும் செய்யும். ஆயினும், வெள்ளியுப்புப் பூசிய கடதாசியிலே தம் கையாற் படம் அச்சிட விரும்புவோர் இன்னும் உளர். அவர்கள் படப்பெருக்கியைப் பற்றிச் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

படப்பெருக்கி புதிய கருவி அன்று. 1857ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து டேவிட் வூட்வேட் என்பவர், சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி நெகற்றிவினூடே செலுத்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அக்காலத்து நெகற்றிவ்கள் பெரியனவாதலின் அவற்றைக் கடதாசியின்மேல் நேரே வைத்து அச்சிடுதலே பெருவழக்காயிருந்தது. 1925இல் லைக்கா என்னும் சிறு கமரா சந்தைக்கு வந்தபின், நெகற்றிவ் சிறுத்தது, பெருப்பித்தல் இன்றியமையாததாயிற்று.

கருவியின் அமைப்பு எளியது. மேலே மின்குமிழ், அதன்கீழ் ஒளியைச் சீர்செய்யும் பகுதி, அதன்கீழ் நெகற்றிவைப் பிடிக்கும் சட்டம், பின் துருத்தியும் வில்லையும். இவையெல்லாம் ஒரு தூணிலே ஏறியிறங்கும். அடிப்பலகையிலே கடதாசி இருக்கும்.

வாங்கச் செல்பவர் முதலிற் செய்யவேண்டியது, வீட்டிலுள்ள நெகற்றிவ்களை அளந்து பார்ப்பதாகும். பழைய பெட்டிக் கமராக்களின் நெகற்றிவ் பெரும்பாலும் 6 சதமமீற்றர் அகலமுடையது. 35 மில்லிமீற்றர் சுருளுக்கு மட்டும் செய்த கருவியிலே அது நுழையாது. பெரிய நெகற்றிவை ஏற்கும் கருவியோ சிறியதையும் ஏற்கும். நெகற்றிவுக்கேற்ப வில்லையும் மாறும்: 35 மில்லிமீற்றர் சுருளுக்கு 50 மில்லிமீற்றர் குவியத்தூரமும், 6 சதமமீற்றர்ச் சதுர நெகற்றிவுக்கு 75 அல்லது 80 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடைய வில்லைகள் ஏற்றவை. பெரிய நெகற்றிவுக்குக் குறுகிய குவியத்தூர வில்லையைப் பூட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும்.

ஒளியைச் சீர்செய்யும் முறை இருவகைப்படும். குவிவில்லைகளால் ஒளியை ஒருமுகப்படுத்துவது ஒன்று. பால்நிறத் தகட்டால் ஒளியைப் பரப்புவது மற்றொன்று. முதல்வகை படத்தை அழுத்தமாகக் காட்டும். ஆனால் நெகற்றிவின் கீறலையும் தூசியையும் அவ்வாறே அழுத்திக் காட்டும். இரண்டாவது வகை அவற்றை ஓரளவு மறைக்கும். பெட்டியடியிலே உராய்ந்து கிடந்த நெகற்றிவுக்கு ஒளிபரப்பும் கருவியே நன்று.

பெரும்பாலான தொழிற்சாலைகள் இக்கருவியைச் செய்வதை நிறுத்திவிட்டமையால், வாங்குபவர் கைக்கு வருவது பழைய கருவியாகவே இருக்கும். ஆதலின் மூன்றினைச் சோதித்தல் அவசியம். முதலாவது, தூணின் உறுதி: விளக்குப் பகுதியை விரலால் மெல்லத் தட்டினால், அதிர்வு உடனே அடங்கவேண்டும். இரண்டாவது, வில்லை: கைவிளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறத்தாற் பார்க்கவேண்டும். ஈரக்காற்று வீசும் நம் நாட்டிலே வில்லையினுள் சிலந்தி நூல்போற் பூஞ்சணம் படர்வது வழக்கம். மூன்றாவது, மட்டம்: முற்றாகக் கறுத்த படச்சுருள் துண்டிலே ஊசியாற் கோடுகள் கீறி, அவற்றை அடிப்பலகையில் விழச்செய்து பார்த்தால், நடுவும் நான்கு மூலைகளும் ஒருசேரக் கூர்மையாகத் தெரியவேண்டும்.

இருட்டறைக்கென்று தனியறை வேண்டுவதில்லை. இரவிலே குளியலறையோ சமையலறையோ போதும். விளக்கணைத்து ஐந்து நிமிடம் உள்ளே இருந்தால், கதவிடுக்கினாலே கசியும் ஒளி கண்ணுக்குப் புலனாகும். அதனைத் துணியால் அடைக்கவேண்டும். சிவப்பு விளக்கையும் நம்பிவிடலாகாது. கடதாசித் துண்டின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அவ்விளக்கொளியிலே ஐந்து நிமிடம் விட்டு டெவெலப்பரில் இட்டால், நாணயத்தின் வட்டம் தோன்றாதிருக்கவேண்டும். தோன்றினால் விளக்கைத் தூரவைப்பதே வழி. டெவெலப்பர் 20 பாகை செல்சியசில் வேலைசெய்யுமாறு கணிக்கப்பட்டது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குழாய்நீர் அதனினும் வெப்பமானது. பனிக்கட்டி இட்ட போத்தலைத் தட்டத்துள் நிறுத்தி இக்குறையைத் தீர்க்கலாம். பனிக்கட்டியை நேரே திரவத்தில் இட்டால் அதன் செறிவு குறையும்.

படத்தை முதலில் வில்லையின் துவாரத்தை முழுதாகத் திறந்து கூர்மைப்படுத்திப் பின் இரண்டு படி சுருக்குதல் முறை. அடுத்து, விலையுயர்ந்த முழுக்கடதாசியை வீணாக்காமல், ஒரு கீலத்தை எடுத்து அட்டையால் மறைத்து நகர்த்தி, 5, 10, 15, 20 விநாடி எனப் படிப்படியாக ஒளிபடச் செய்யவேண்டும். அக்கீலத்திலே எப்படி நன்றாயுள்ளதோ அந்த நேரமே உரிய நேரம். படத்தின் பருமன் மாறினால் நேரமும் மாறும். நான்கு மடங்குப் பெருக்கத்துக்கு 10 விநாடி போதுமானால், எட்டு மடங்குக்கு ஏறக்குறைய 32 விநாடி வேண்டும்.

புதியவர் பெரிதும் தவறுவது இனிமேலே. படம் கறுப்பதைக் கண்டு அஞ்சி, டெவெலப்பரிலிருந்து பாதியில் எடுத்துவிடுவர். அவ்வாறெடுத்த படம் சாம்பல் பூத்துக் கிடக்கும். குறித்த நேரம் முழுவதும் விட்டு, பிழையை அடுத்த கடதாசியில் ஒளியின் நேரத்தைக் குறைத்தே திருத்தவேண்டும்.

இனி, விறாந்தையில் நின்றவர்களிடம் திரும்பலாம். வெயிலில் நின்றவரின் வேட்டி வெறும் வெள்ளையாகிறது; நிழலில் நின்ற பாட்டியின் முகமோ கறுத்துப்போகிறது. இங்கேதான் கைவண்ணம் வேண்டப்படுகிறது. மெல்லிய கம்பியின் நுனியிலே காசளவு அட்டைத் துண்டை ஒட்டி, ஒளிபடும் நேரத்திற் சில விநாடி அம்முகத்தின்மேல் அசைத்துக்கொண்டிருந்தால் முகம் தெளியும். அசைக்காது பிடித்தால் முகத்தைச் சுற்றி வட்டம் விழும். பின், துளையிட்ட அட்டையால் மற்றையவற்றை மறைத்து, வேட்டிக்கு மட்டும் மேலும் சில விநாடி ஒளி கொடுத்தால் அதன் மடிப்புகள் தோன்றும்.

இலங்கையின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற் 1944இல் மறைந்தார். அவருடைய நெகற்றிவ்கள் பின்னர் அழிந்தன. 1950இல் வெளிவந்த அவரது படநூலும், இன்று உலகம் போற்றும் அவரது புகழும், எஞ்சிய அச்சுப்படங்களாலேயே நிலைத்தன. படச்சுருளுக்குத் தீங்கு நேரினும், நன்றாக அச்சிட்ட படம் நிற்கும்.

அது நிற்பதற்குக் கழுவுதலே காவல். ஹைப்போ எஞ்சினால் படம் காலப்போக்கிற் பழுப்பேறும். பிளாஸ்ரிக் பூசிய கடதாசிக்கு ஓடும் நீரிற் சில நிமிடம் போதும். நார்க்கடதாசிக்கு ஒரு மணிநேரம் வேண்டும். உலர்ந்தபின், படத்தின் பின்புறத்திலே மென்பென்சிலால் அங்கு நிற்பவர்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் நன்று. அப்பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே அதனைச் செய்துவிடவேண்டும்.