பூட்டைக் கொடுப்பதும் சாவியைக் காப்பதும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திரைக்குப் பின்னால் நாடகக் குழுவினர் வேடம் பூண்டு காத்திருக்கின்றனர். அவர்தம் பொறுமையைச் சோதியாமல் கால் மணிக்குள் முடித்துவிடுமாறு செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். நான் எடுத்துக்கொண்ட பொருள், மின்னஞ்சலைப் பிறர் படியாவண்ணம் பூட்டி அனுப்பும் முறையாகும்.

நம் குடியிருப்பில் மகனோ மகளோ கடல் கடந்து வாழாத வீடு அரிது. ஊரிலுள்ள நிலத்தின் பத்திரமும், வங்கிக் கணக்கின் விவரமும், மருத்துவர் அறிக்கையும் இன்று மின்னஞ்சலில்தான் செல்கின்றன. செல்லும் வழியில் அவை பெரும்பாலும் காவலுடனேயே செல்கின்றன என்பது உண்மையே. ஆயினும் போய்ச் சேர்ந்த பின், அஞ்சல் நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறியில் அவை பிரித்த மடலாகவே கிடக்கின்றன. நம் கடவுச்சொல்லைத் திருடியவன் பத்தாண்டுக் கடிதங்களையும் ஒரே இரவில் படித்துவிடலாம். எழுதியவரும் பெறுபவரும் அன்றி வேறெவரும் படிக்கலாகாது எனின், மடலை நாமே பூட்டி அனுப்புதல் வேண்டும்.

பூட்டுவது பழைய கலைதான். பூட்டிய சாவியை மறுமுனையில் இருப்பவரிடம் எவ்வாறு சேர்ப்பது என்பதே நெடுங்காலம் இடர்ப்பாடாக இருந்தது. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்குப் புதுவழி காட்டினர். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அவ்வழியைக் கணக்காக்கிக் கொடுத்தனர். ஒருவருக்குச் சாவிகள் இரண்டு. பொதுச் சாவி என்பது, உள்ளபடி பார்த்தால், திறந்த பூட்டுப் போன்றது. அதனை ஊரார் அனைவருக்கும் வழங்கலாம். யார் வேண்டுமாயினும் அதைக்கொண்டு மடலைப் பூட்டி உமக்கு அனுப்பலாம். திறப்பதற்கு உம்மிடமுள்ள மறைச் சாவி ஒன்றே உதவும். 1991-இல் ஃபில் ஸிம்மர்மன் என்பவர் இம்முறையைச் சாதாரண மக்களும் கையாளும்படி பி.ஜி.பி. என்னும் மென்பொருளை ஆக்கி வெளியிட்டார். படைக்கருவியை நாடு கடத்தியது போன்ற குற்றம் இது என்று கருதி அமெரிக்க அரசு அவர்மீது விசாரணை நடத்தி, 1996-இல் அதனைக் கைவிட்டது.

பூட்டை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றேன். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. என் பெயர் பொறித்த பூட்டு ஒன்றை எவனும் செய்யலாமன்றோ? பூட்டுகளைச் சேர்த்து வைத்து வழங்கும் களஞ்சியங்கள் இணையத்தில் உண்டு. பழைய களஞ்சியங்கள், கொண்டுவந்து போடுபவர் யார் என்று கேட்டதில்லை. போட்டதை எடுக்கவும் விடுவதில்லை. 2019-இல் விஷமிகள், புகழ்பெற்ற வல்லுநர் இருவருடைய சாவிகளின்மேல் போலிக் கையொப்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் குவித்து, அவற்றைப் பயன்படுத்த முயன்ற மென்பொருளே திணறும்படி செய்துவிட்டனர். அவ்வாண்டு தோன்றிய புதுக் களஞ்சியமொன்று, மின்னஞ்சல் முகவரிக்கு உரியவர் ஒப்பினால்தான் அம்முகவரியை வெளியிடுகிறது. அப்பொழுதும் அது சரிபார்ப்பது முகவரியைத்தான், ஆளை அன்று.

ஆளைச் சரிபார்க்க ஒவ்வொரு சாவிக்கும் விரல்ரேகை என்று ஒன்றுண்டு. பரவலாக வழங்கும் வகையில் அது எண்ணும் ரோமன் எழுத்தும் கலந்த 40 குறிகள். 2013 ஜனவரியில் எட்வர்டு ஸ்னோடன், தம் பெயரை மறைத்துக்கொண்டு, லாரா பாய்ட்ரஸ் என்னும் படத் தயாரிப்பாளரின் பொதுச் சாவியை மைக்கா லீ என்பவரிடம் கேட்டார். கிடைத்த சாவி மெய்யானதுதானா என்று அறிய வேண்டி, அதன் விரல்ரேகையை ட்விட்டரில் எல்லோரும் காண வெளியிடுமாறு வேண்டினார், லீயும் வெளியிட்டார். மடல் வந்த வழியை நம்பாமல் வேறொரு வழியில் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் உயிர்நிலை. (அத்தனை எச்சரிக்கையான மனிதரும் லீக்கு எழுதிய முதல் மடலில் தம் பொதுச் சாவியை இணைக்க மறந்துவிட்டாராம்! ஆதலின் தொடக்கத்தில் தடுமாறும் அன்பர்கள் நாண வேண்டியதில்லை.)

மறைச் சாவியைக் காப்பது தனிக் கலை. 2017-இல் அடோபி நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரே பொதுச் சாவியோடு மறைச் சாவியையும் இணையத்தில் வெளியிட்டுவிட்டனர். அவர்கள் உடனே வேறு சாவி செய்துகொண்டனர். என் கதை வேறு.

திருநெல்வேலியில் இருந்த என் தமையனார், குடும்பச் சொத்துப் பற்றிய செய்திகளுக்காக என்னிடம் இம்முறையைக் கற்றுக்கொண்டார். பிறகு சொத்து முடிந்தும் வழக்கம் நிற்கவில்லை. தந்தையாரைப் பற்றியும், தம் இளமையைப் பற்றியும் பூட்டிய மடல்களாகவே எழுதலானார். ஒரு கோடையில் என் கணிப்பொறியின் தகடு பழுதாயிற்று. மறைச் சாவிக்கு நான் வேறு படி எடுத்து வைக்கவில்லை. அவரிடம் திரும்ப அனுப்பச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். அவ்வாண்டு ஐப்பசியில் அவர் காலமானார். அவரிடம் இருந்த படிகள் அவருடைய கடவுச்சொல்லோடு போயின. என் அஞ்சற்பெட்டியில் 31 மடல்கள் இருக்கின்றன. நாளும் பெயரும் தெரிகின்றன. தலைப்பு வரியும் தெரிகிறது, ஏனெனில் அது பூட்டுக்குள் அடங்கவில்லை. ஒன்றின் தலைப்பு, "அப்பா சொன்னது". அதனுள் இருப்பதை இனி யாராலும் படிக்க இயலாது.

அது மட்டுமன்று. காலவரை குறியாமல் நான் வழங்கிய அந்தப் பூட்டு இன்றும் பழைய களஞ்சியங்களில் கிடக்கிறது. அதனை எடுத்துப் பூட்டி எனக்கு எழுதுவோர் இன்னும் உளர். சாவியைச் செய்த அன்றே விலக்குச் சான்று ஒன்றையும் ஆக்கித் தாளில் அச்சிட்டு வைத்திருந்தால், "இது செல்லாது" என்று அறிவித்திருக்கலாம். இப்பொழுது என் சாவிக்கு ஈராண்டுக் காலவரை. மறைச் சாவியின் படி ஒன்று வங்கிப் பெட்டகத்தில். விலக்குச் சான்று என் மனைவியின் நகைப் பெட்டியில்.

இடைவேளையில் சிற்றுண்டிக் கூடத்தின் வாயிலருகே நான் அமர்ந்திருப்பேன். சாவி வைத்திருப்போர் தம் விரல்ரேகையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக. நாற்பது குறிகளையும் உரக்கப் படித்து ஒப்பிட்டுக்கொள்வோம். வீடு சென்றபின், ஒருவர் சாவிக்கு ஒருவர் சாட்சிக் கையொப்பம் இடலாம். அடையாள அட்டை வேண்டுவதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரே பால் வரிசையில் நின்றவர்கள் நாம். சாவி இல்லாதோரும் வருக. செய்துகொள்ளும் விதத்தை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, ஐம்பது படிகள் எடுத்து வந்திருக்கிறேன்.