கடல் கடந்த படிப்பும் தலைமைப் பண்பும்

(நமது சங்கத்தின் வடோதரா கிளை நடத்திய மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கியவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டேன். பாதிப் பேர் "எம்.எஸ். படிக்க வெளிநாடு" என்றார்கள். சந்தோஷம். பெற்றோர்கள் கடன் வாங்கி அனுப்புகிறீர்கள். பட்டம் கிடைக்கும், வேலையும் கிடைக்கலாம். நாலு பேரை வழிநடத்தும் திறமையும் கூடவே வளருமா? இதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச வந்தேன்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஆனந்த் இருக்கிறது. அமுல் குரியனை அறியாதவர் நம்மில் யாருமில்லை. 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி, லயோலாவில் இயற்பியல், கிண்டியில் இஞ்சினீயரிங். பிறகு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவிலுள்ள மிச்சிகனுக்குப் போனார். அரசாங்கம் அனுப்பியது பால் தொழில் படிக்க. அவர் மனம் போனதோ உலோகவியலிலும் மெக்கானிகல் இஞ்சினீயரிங்கிலும். 1948-ல் எம்.எஸ். முடித்துத் திரும்பியவரை, ஒப்பந்தப்படி 1949 மே மாதம் ஆனந்திலிருந்த அரசு க்ரீமரிக்கு அனுப்பினார்கள். எப்போது விடுதலை என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அயல்நாட்டுப் படிப்பு அவருக்கு என்னதான் தந்தது? என் கணக்கில் இரண்டு.

முதலாவது, ஒரு சிநேகிதம். பால் தொழிலை நன்கு கற்ற ஹெச்.எம். தலாயா அவருக்கு மிச்சிகனில் கிடைத்த நண்பர். ஆனந்துக்கு வந்தவரைக் குரியன் திரும்பிப் போக விடவில்லை. தன்னைவிட விஷயம் தெரிந்தவரை அடையாளம் கண்டு பக்கத்தில் வைத்துக்கொள்வதும் தலைமைதான்.

இரண்டாவது, பயமின்மை. எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். அவர்கள் பழகியது பசும்பாலில். தலாயா, பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னையும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரையும் வைத்துப் பவுடர் செய்தே காட்டினார். குரியன் நிபுணர்களை விட்டு நண்பரை நம்பினார். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்தில் பால் பவுடர் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். மேல்நாட்டாரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவனுக்கு, அவர்களும் நம்மைப்போலச் சில சமயம் தப்பாகச் சொல்வார்கள் என்பது தெரியும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு அந்த தைரியம் இல்லை. நான் ரசாயனப் பட்டதாரி. அரசுப் பணியில் இருந்தபோது வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்றின் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. நம் ஊர்த் தண்ணீருக்கு அந்த முறை ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கூட்டத்தில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டே வருஷத்தில் திட்டம் கைவிடப்பட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரியனை ஆனந்தில் நிறுத்தியவர் திரிபுவன்தாஸ் படேல். அயல்நாட்டில் படித்தவரல்ல, காந்தீயத் தொண்டர். 1946-ல் பதிவான கூட்டுறவுச் சங்கத்துக்கு விவசாயிகளின் நம்பிக்கையைச் சேர்த்துத் தந்தவர் அவரே. அவரிடம் அந்த நம்பிக்கை இல்லையென்றால் குரியனின் படிப்பு யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

ஆகவே குழந்தைகளே, அங்கே போய் நம்மவர்கள் நாலு பேர் ஒரே அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு வருஷத்தைக் கழித்துவிடாதீர்கள். பிற தேசத்தவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ப்ரொஃபஸர் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் மரியாதையோடு கேளுங்கள். பெற்றோர்களே, ஃபோனில் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல், "புதிதாக யார் சிநேகம்?" என்றும் கேளுங்கள்.

எங்கே வேலை பார்த்தாலும், தப்பு என்று தெரிந்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர்களாக வளருங்கள்.