எட்டுக் கிரகம் கூடிய வானம்

1962ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் முதல் வாரத்திலே இந்தியாவின் பல நகரங்களில் வேள்வித் தீ வளர்க்கப்பட்டது. சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் ஒருங்கே கூடுகின்றன, அதனால் உலகுக்குப் பேரழிவு நேரும் என்ற அச்சம் மக்கள் மனத்தைப் பற்றியிருந்தது. அன்று சிறுவராயிருந்தவர்கள் இன்று முதியோர். 'அஷ்டக்கிரகக் கூட்டம்' என்ற பெயரை அவர்களுட் பலர் மறந்திலர். ஆயினும் அக்கூட்டத்தை இந்நாடுகளிலே கண்ணாற் கண்டவர் இலர். கூடிய கோள்கள் யாவும் சூரியனுக்கு அருகில் நின்றமையால், அவனோடு உதித்து, அவனொளியில் மறைந்து, அவனோடே அடைந்தன. அஞ்சியவர்கள் அஞ்சியது காணாத ஒரு வானத்துக்கே.

அவ்வானத்தை இன்று வீட்டிலிருந்தவாறே காண்பதற்கு வழியுண்டு. பிரான்சு நாட்டவரான ஃபபியன் ஷெரோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கத் தொடங்கிய 'ஸ்டெல்லேரியம்' என்னும் மென்பொருள், விலையின்றிக் கிடைப்பது. கணினியில் அதைத் திறந்தால், இருக்கும் ஊரின் இப்போதைய வானம் திரையிலே தோன்றும். 'எப் 6' என்ற விசையை அழுத்தி ஊரையும், 'எப் 5' விசையை அழுத்தி நாளையும் நேரத்தையும் இட வேண்டும். இடம் கொழும்பு, நாள் 1962 பெப்ரவரி 5, நேரம் காலை 5 மணி 42 நிமிடம் எனக் கொள்க. திரை இருண்டிருக்கும். சூரியன் இன்னும் அடிவானத்தின் கீழேதான் இருக்கிறான். 'ஜீ' என்ற எழுத்தை அழுத்தினால் நிலம் அகன்றுவிடும்; 'ஏ' என்ற எழுத்தை அழுத்தினால் வளிமண்டலத்தின் ஒளி அகன்றுவிடும். இயற்கை ஒருபோதும் அளிக்காத இச்சலுகையை இயந்திரம் அளிக்கின்றது.

இப்போது கிழக்கே, கால்களின் கீழ், சூரியனைச் சுற்றி ஐந்து கோள்களும் சந்திரனும் நிற்கக் காணலாம். ஒரு கோடியில் செவ்வாயும் சனியும். மறு கோடியில் வெள்ளி, வியாழன், புதன். எல்லாம் ஏறக்குறைய 16 பாகைக்குள் அடங்கும். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால், பெருவிரல் நுனிக்கும் சிறுவிரல் நுனிக்கும் இடையிலுள்ள அளவினும் இது குறைவு. அரிய காட்சி என்பதில் ஐயமில்லை. அந்நேரத்தில் முழுச் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. ஆனால் கொழும்பிலிருந்து நோக்கினால் சந்திரன் சூரியனைச் செவ்வையாக மறைக்கக் காணோமே எனச் சிலர் மயங்கக்கூடும். சந்திரன் நமக்கு அண்மையில் இருப்பதால், பார்க்கும் ஊர் மாறினால் அதன் இடமும் ஒரு பாகைவரை மாறித் தோன்றும். நியூகினியாவிலுள்ள லே என்னும் நகருக்கு இடத்தை மாற்றி, நேரத்தையும் சற்று முன்பின்னாக நகர்த்தினால், சூரியன் முழுவதும் மறைவதைக் காணலாம்.

இனி, 1962இன் அச்சத்துக்கு விடை கூறும் பகுதி வருகின்றது. ஒவ்வொரு கோளின்மீதும் சுட்டியை வைத்து அழுத்தினால் அதன் தொலைவும் எழுத்தில் தோன்றும். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஓர் அளவாகக் கொண்டால், அன்று வியாழன் அதைப்போல் 6 மடங்கு தொலைவில் இருந்தது. சனி 11 மடங்கு. வெள்ளியோ சூரியனுக்கு அப்பால். புதன் சூரியனுக்கு இப்பால். தெருக்கோடியில் நிற்கும் தென்னையும் அதன் பின்னே தெரியும் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் அமைந்ததனால் அவை அருகருகே நிற்பனவாகிவிடா. கூடியது பார்வையிலேதான். கடலிலே வற்று வெள்ளத்தை உண்டாக்குவதில் சந்திரனுக்குள்ள வலிமையோடு ஒப்பிட்டால், அன்று அவ்வைந்து கோள்களின் பங்கும் சேர்ந்து பதினாயிரத்தில் ஒன்றுக்குங் குறைவு. அவ்வாரம் கடந்தது, உலகம் நின்றது.

எட்டாவதாகிய கேதுவைத் திரையில் தேடுவோர் ஏமாறுவர். கேது ஒரு பொருளன்று; சந்திரன் செல்லும் வழி சூரியன் செல்லும் வழியை வெட்டும் இரண்டு புள்ளிகளுள் ஒன்று. ஆயினும் கேது அங்கில்லை என்று கூறுதல் பிழை. அப்புள்ளியின் அருகே அமாவாசை நிகழ்ந்தமையாற்றான் கிரகணம் உண்டாயிற்று.

பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையை நோக்குவோருக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கின்றது. மென்பொருள் அன்றைய சூரியனின் நெடுங்கோட்டை ஏறக்குறைய 316 பாகை எனக் காட்டும். 300க்கு மேற்பட்டது கும்பம் அல்லவா? பஞ்சாங்கம் மகரம் என்கிறதே! இரண்டும் பொய்யல்ல. மென்பொருள், பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து எண்ணுகின்றது. நமது பஞ்சாங்கம் விண்மீன்களிடையே நிலைத்த ஒரு புள்ளியிலிருந்து எண்ணுகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே அயனாம்சம். மேகநாத சாகாவைத் தலைவராகக் கொண்ட இந்தியப் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21க்கு இதனை 23 பாகை 15 கலை எனக் கொண்டது. 316இலிருந்து 23ஐக் கழித்தால் 293, அது மகரமே.

நேரத்தை இடுவதில் இலங்கையர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டிருந்த நம் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஆறரை மணியாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டது; 2006 ஏப்பிரலிலேதான் பழைய நிலைக்கு மீண்டது. 1942 முதல் 1945 வரை போர்க்காலத்திலும் இத்தகைய மாற்றம் இருந்தது. நேர வேறுபாட்டைத் தாமே கையால் இடுவோர், அக்காலத்துப் பிறப்பொன்றுக்கு ஐந்தரை என்றே இட்டுவிட்டால், அரை மணி பிசகும். சனிக்கும் வியாழனுக்கும் அதனால் கேடில்லை. சந்திரன் கால் பாகை விலகும்; உதய லக்கினமோ ஏழரை பாகை, அதாவது கால் ராசி, தவறிவிடும். திருமணப் பேச்சொன்று இக்கால் ராசியிலே தடைப்படவுங்கூடும். அதற்கு இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. பழைய தேதிகளை நாடுவோர் இன்னுமொன்றை அறிதல் நன்று: இக்கணக்கில் பூச்சிய ஆண்டு உண்டாதலின், கி.மு. 7 என்பதை −6 என இட வேண்டும்.

வேண்டிய நாளுக்குக் கோள்நிலை காணும் கலை தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, தரையிலே சோகிகளைப் பரப்பி, 1825ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவின் சந்திர கிரகணத்தை ஜோன் வாரன் என்பவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமுமே பிசகின. தாளும் எழுதுகோலுமின்றிச் செய்த கணக்கு அது! கணினியின் பிழை அதனோடு ஒப்பிட முடியாத அளவு சிறிது.

நாளை 2040 செப்டெம்பர் 8க்கும், நேரத்தைச் சூரியன் மறைந்த சற்று நேரத்துக்கும் மாற்றிப் பார்க்க. மேற்கு அடிவானின் மேலே, கன்னி ராசியில், ஐந்து கோள்களும் 10 பாகைக்குள் நெருங்கி நிற்கும்; இளம்பிறையும் அருகே இருக்கும். முகில் மறைக்காவிடின், அம்மாலை அதனைக் காண்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.