அம்புக்குறி நேராகத்தான் காட்டும்

(மாவட்ட அளவிலான சமூக அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடத்தைக் களத்தில் எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னார்கள். வெற்றிக்கதை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஜவ்வாது மலையில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தவறால்தான் இந்தக் கருவியை நான் ஒழுங்காகப் படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம். வனத்துறை அனுமதி பெற்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை ஒருநாள் மலைநடைக்கு அழைத்துச் சென்றோம். உடன் ஓர் ஆசிரியை, வழிகாட்ட உள்ளூர்க்காரர் ஒருவர். என் கையில் நண்பரிடம் இரவல் வாங்கிய கையடக்க ஜி.பி.எஸ். கருவி. காலையில் வேன் நின்ற இடத்தை அதில் 'வண்டி' என்று பெயரிட்டுக் குறித்துக்கொண்டேன். திரும்பும்போது டீச்சரும் வழிகாட்டியும் 13 பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டார்கள். மரங்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்த ஒன்பது பேரோடு நான் பின்தங்கினேன்.

கருவியைப் பார்த்தேன். 'வண்டி 640 மீட்டர்' என்றது. அம்புக்குறி வடகிழக்கே காட்டியது. காலடித் தடமோ மேற்கே வளைந்து போனது. எனக்குச் சந்தேகம் தடத்தின் மேல் வந்தது. கருவியின் மேல் வரவில்லை. மலைக்கிராமத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படிக்கும் மாணவன் ஒருவன், "சார், அங்க பள்ளம் சார். தடம் இப்படித்தான் சுத்திப் போவும்" என்றான். "சாட்டிலைட்டே சொல்லுதுடா, பேசாம வா" என்றேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நாற்பது நிமிடம் உண்ணிச்செடிப் புதருக்குள் நடந்தோம். ஒரு மாணவியின் செருப்பு அறுந்தது. இன்னொருத்திக்குக் கையெல்லாம் கீறல். கடைசியில் ஒரு பாறை விளிம்பில் வந்து நின்றோம். கீழே ஓடை. எதிர்க்கரையில் எங்கள் வேனின் வெள்ளைக் கூரை தெரிந்தது. கருவி 210 மீட்டர் என்றது. கருவி பொய் சொல்லவில்லை. இருக்கும் இடத்துக்கும் போகவேண்டிய இடத்துக்கும் நடுவே காக்கை பறக்கும் தூரத்தைத்தான் அது காட்டும். நடுவில் பள்ளமா, பாறையா என்பது அந்த அம்புக்குறிக்குத் தெரியாது. பொழுது சாய இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

நல்லவேளையாக அந்த மேட்டில் போன் டவர் கிடைத்தது. டீச்சரை அழைத்து, கருவியில் இருந்த எண்களைப் படித்துச் சொன்னேன். அவர் தம் போன் வரைபடத்தில் இட்டுப் பார்த்துவிட்டு, "சார், ஊத்தங்கரைப் பக்கம் காட்டுதே, எங்க சார் இருக்கீங்க?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தை வைத்துச் சொல்கிறேன். காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் 12 பாகை 34.6 கலை வடக்கு, 78 பாகை 49.6 கலை கிழக்கு. ஒரு பாகைக்கு 60 கலை. 34.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.5767. ஆகவே தசமத்தில் எழுதினால் 12.5767. நாம் வாயால் "பன்னிரண்டு, முப்பத்து நாலு புள்ளி ஆறு" என்று சொல்ல, கேட்பவர் 12.346 என்று எழுதிக்கொண்டால் புள்ளி ஏறத்தாழ 25 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். தீர்க்கக்கோட்டிலும் அதே பிழை செய்தால் 36 கி.மீ. மேற்கே. இரண்டும் சேர்ந்து நேர்க்கோட்டில் சுமார் 44 கி.மீ. என் கருவி பாகை-கலையில் இருந்தது, டீச்சரின் போன் தசமத்தைக் கேட்டது. அவ்வளவுதான். நம் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாக வரும் கணக்குதான் இது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு மாணவி. காலையில் வேனைவிட்டு இறங்கியதும் விளையாட்டாகக் கருவியில் தடப்பதிவை அழுத்திவிட்டிருந்தாள். நடந்த பாதை முழுவதும் புள்ளி புள்ளியாகப் பதிவாகியிருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே தடம் பிரிந்த இடம் வரை திரும்பி நடந்தோம். எதிரே டார்ச் வெளிச்சத்தோடு வழிகாட்டி வந்துகொண்டிருந்தார். வேனுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. பள்ளி வாசலில் பெற்றோர்கள். ஒரு தகப்பனார் சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தான சார் அனுப்பினோம்" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகுதான் கருவியைப் படிக்க உட்கார்ந்தேன். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அனுப்புகின்றன. கருவி அதை வாங்கிக்கொள்கிறதே தவிர எதையும் திருப்பி அனுப்புவதில்லை. "சார், நாம தொலைஞ்சது சாட்டிலைட்டுக்குத் தெரியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரியாது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். மூன்று நம் இடத்துக்கு, நான்காவது நம் கருவியின் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்கு. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போய்விடும். அதனால்தான் கடிகாரத்துக்கு இத்தனை மரியாதை. அடர்ந்த மரத்தடியிலும் செங்குத்துப் பள்ளத்திலும் சமிக்ஞை பாறையில் பட்டுச் சுற்றிவரும், புள்ளி தடுமாறும். திறந்தவெளியில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் குறிப்பதே நல்லது. மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவிகள் நின்ற இடத்தில் திசை காட்டாது. நாலு எட்டு நடந்தால்தான் காட்டும். ஆகவே ஒரு சாதாரணக் காந்தத் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும். ஒரு ஜோடி பேட்டரியும்தான்.

காகித வரைபடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியில் வந்தவை நம் பழைய நில அளவை வரைபடங்கள். அவை எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் பேசும். அமைப்பை மாற்றாமல் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் வைத்தால் நம் பக்கத்தில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப்போகும். பட்டணத்தில் அது அடுத்த தெரு. மலையில் அது அடுத்த பள்ளம்.

இப்போது என் வகுப்பில் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தடத்தை வரைகிறோம். பிறகு வழியில் தடம் பிரியும் இடம், ஓடை கடக்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் இடம் ஒவ்வொன்றையும் கருவியில் குறிக்கிறோம். 'வண்டி' என்று ஒரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போவதில்லை. புறப்படும் முன் இருவரின் கருவியிலும் எண் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது வகுப்புத் தலைவியின் வேலை.

இரண்டு கருவிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று பாகை-கலையில் இருக்கிறது, மற்றொன்று தசமத்தில். இந்த வளாகத்தில் ஐந்து இடங்களின் எண்களைச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளைக்கு முன் மைதானத்துக்குப் போய் அவற்றைக் கண்டுபிடிக்கலாம், வாருங்கள்.